செஸ்ஸில் செக் வந்ததும் கை ராஜாவிடம் போகிறதா? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

பதிவு:
வார இறுதிகளில் எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லித் தருகிறேன். செக், அதாவது எதிராளியின் காய் ராஜாவைத் தாக்குகிறது என்றதும் ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அவர்களுக்கு முதலில் தோன்றுகிறது. ஒரு போட்டியில் என் மாணவனுக்கு ஜெயிக்க வேண்டிய ஆட்டமே இதனால் கைநழுவியது. எதிராளியின் யானை கடைசி வரிசைக்கு இறங்கிச் செக் வைத்தது. பலகையின் மறுகோடியில் நின்ற, மூலைவாட்டில் நகரும் பிஷப்பால் அதைச் சும்மா வெட்டியிருக்கலாம். அதற்குள் இவன் ராஜாவைத் தொட்டுவிட்டான். தொட்ட காயை நகர்த்த வழி இருந்தால் அதைத்தான் நகர்த்த வேண்டும். ராஜாவுக்கு ஒரு கட்டம் காலியாக இருந்தது, பாவம். யானை தப்பியது, ஆட்டமும் போயிற்று.

இப்போது என் வகுப்பில் செக் வந்தால் கைகள் மேசைக்கு அடியில் இருக்க வேண்டும். செக் வைத்த காய் எது என்று கண்ணால் தேடு. அதை வெட்ட முடியுமா? நடுவில் காயை வைத்து மறைக்க முடியுமா? இரண்டையும் பார்த்த பிறகே ராஜாவை நகர்த்துவதைப் பற்றி யோசி. ஆட்டத்தின் தொடக்கத்தில் இது மிக முக்கியம். ராஜா ஒருமுறை நகர்ந்துவிட்டால் அந்த ஆட்டத்தில் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் சேர்த்து நகர்த்துவது) கிடையாது. செக்கில் இருக்கும்போது காஸ்லிங் செய்ய முடியாதுதான். ஆனால் ராஜாவை அசைக்காமல் செக்கைத் தீர்த்துவிட்டால் பிறகு தாராளமாகச் செய்யலாம். ஒருமுறை செக் வாங்கினாலே அந்த உரிமை போய்விடும் என்று பெரியவர்களே பலர் நம்புகிறார்கள்.

மறுமொழி:
என் மகளின் முதல் போட்டி நினைவுக்கு வருகிறது. எதிரில் இருந்த பையன் குதிரையால் செக் வைத்தான், வாயைத் திறக்கவில்லை. இவள் கவனிக்காமல் வேறொரு காயை நகர்த்திக் கடிகாரத்தை அழுத்திவிட்டாள். நடுவர் அந்த நகர்வைத் திரும்ப எடுக்கச் சொல்லி, எதிராளிக்கு 2 நிமிடம் கூட்டிக் கொடுத்தார். "அவன் செக் என்று சொல்லவே இல்லையே" என்று அழுதாள். சொல்ல வேண்டும் என்று விதியில் இல்லை என்பதை வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. குதிரை செக்கை மறைக்கவும் முடியாது, அது தாண்டிக் குதிக்கும். வெட்டு, இல்லையேல் நகர்.

மறுமொழி:
இரட்டை செக்கையும் சொல்லிக் கொடுங்கள், ஐயா. என்னிடம் பழகும் சிறுமியின் ராஜா இன்னும் தொடக்கக் கட்டத்திலேயே நின்றது. அதற்கு நேர் எதிரே யானை, நடுவில் அதை மறைத்தபடி பிஷப். அந்த பிஷப் ராஜாவின் பக்கத்துச் சிப்பாயை வெட்டியதும், பிஷப்பும் யானையும் ஒரே நேரத்தில் செக். அவளுடைய ராணியால் பிஷப்பை வெட்டலாம்போலத் தெரிந்தது. வெட்டினாலும் யானையின் செக் அப்படியே இருக்கும். இரட்டை செக்கில் ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். அவள் நிதானமாகப் பார்த்தாள். பிஷப்புக்குக் காவல் இல்லை. ராஜாவாலேயே அதை வெட்டினாள். யானையின் வரிசையிலிருந்தும் விலகிவிட்டாள்.