எந்தப் பக்கத்தில் மனம் மாறியது?

நூல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பெரும்பாலும் கதைச்சுருக்கத்தில் போய் முடிகிறோம். அது பின்னட்டையிலேயே இருக்கிறது. இம்முறை வேறொன்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு நூலைப் பற்றி நீங்கள் கொண்டிருந்த எண்ணம் தலைகீழாக மாறிய இடம் எது? அந்த ஓர் இடத்தை மட்டும், முடிந்தால் அப்போது நீங்கள் இருந்த நிலையோடு சேர்த்து எழுதுங்கள். நாவலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

நானே தொடங்கிவைக்கிறேன். உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' பல ஆண்டுகள் என் அலமாரியில் மற்ற நூல்கள் சாயாமல் இருப்பதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. பாடநூலில் படித்த சில பகுதிகளை வைத்து, அது குருபக்தியும் பழம்பெருமையுமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டியிருந்தேன். ஒருமுறை காய்ச்சலில் படுத்திருந்தபோது, கைக்கெட்டும் தூரத்தில் வேறு எதுவும் இல்லாததால் அதைப் பிரித்தேன். 1880ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வரும்வரை என் எண்ணத்தில் பெரிய மாற்றமில்லை. சாமிநாதையருக்கு அப்போது இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. அவ்வூருக்கு முன்சீபாக (உரிமையியல் நீதிபதியாக) வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்குகிறார். கேட்பவரின் முகத்தில் வியப்பே இல்லை. இவர் புராணங்களை எடுக்கிறார், அதற்கும் அசைவில்லை. கடைசியில் முதலியார் சீவக சிந்தாமணியையும் மணிமேகலையையும் சிலப்பதிகாரத்தையும் பற்றிக் கேட்கிறார். அந்த ஏடுகளை இவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

தாம் கூனிக்குறுகிய அந்தப் பொழுதை, எண்பது வயதைத் தாண்டிய ஒருவர், அதற்குள் தமிழுலகமே தம்மைத் தலைமேல் வைத்துக் கொண்டாடிய பிறகும், கொஞ்சமும் பூசி மெழுகாமல் எழுதுகிறார் என்பதைக் கண்டபோது நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சந்திப்பிலிருந்து ஏழு ஆண்டுகளில், 1887இல், சிந்தாமணியை அவரே பதிப்பித்தார் என்பதை முன்பே அறிந்திருந்தேன். அதற்குப் பின்னால் இப்படியொரு தலைகுனிவு இருந்தது என்பது தெரியாது. ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கிய அந்தத் தொடர், 1942இல் அவர் மறைந்ததால் பாதியில் நின்றுபோனதில் எனக்கு இன்றும் மனக்குறை உண்டு.

* * *

நான் எழுத நினைப்பது தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதனம்' பற்றி. த.நா. குமாரசாமியின் தமிழாக்கத்தில் படித்தேன். நாடி பிடித்தே மரணம் வரும் நாளைச் சொல்லிவிடும் முதிய வைத்தியர் ஜீவன் மஷாய் ஒருபுறம், புதிதாக வந்த இளம் டாக்டர் பிரத்யோத் மறுபுறம் என்று கேள்விப்பட்டதுமே, 'அந்தக் காலத்து வைத்தியமே வைத்தியம்' என்று அடித்துச் சொல்லப்போகும் நாவல் இது என்று தீர்மானித்து, அந்தக் கட்சிக்கு எதிராக வாதாடும் மனநிலையில்தான் உட்கார்ந்தேன். மருத்துவ ஆய்வகத்தில் வேலை பார்ப்பவனுக்கு அந்தச் சினம் இயல்பு.

ஆனால் வைத்தியர் தம் மகனின் மணிக்கட்டைப் பிடிக்கும் இடம் வந்ததும் வாதம் எதுவும் மிஞ்சவில்லை. ஊராருடைய சாவையெல்லாம் விரல் நுனியில் உணர்ந்தவர், அதே விரல்களால் சொந்த மகனின் சாவையும் உணர்ந்துவிடுகிறார். தம் வித்தை பொய்க்க வேண்டும் என்று ஒரு வைத்தியர் விரும்பக்கூடிய ஒரே தருணம் அது. அப்போதும் அது பொய்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வைத்தியம் சிறந்தது என்ற கேள்வியே எனக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றியது.

என் தந்தையார் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில்தான் இதைப் படித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். தலைமாட்டுத் திரையில் இதயத் துடிப்பு எண்ணாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, இரவுப் பணிக்கு வரும் செவிலியர் ஒருவர், முதல் வேலையாக அவருடைய மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்துக்கொண்டு சற்று நேரம் நிற்பார். திரைதான் இருக்கிறதே என்று நான் ஒருநாள் கேட்டதற்கு, 'கை சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா என்று அது சொல்லாதே' என்றார்.

* * *

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு சொல்: நாவலின் கட்சி எது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொண்டு உட்காரும் பழக்கம் உங்களுக்கு மட்டுமல்ல, எனக்கும் உண்டு. ஆனால் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' என்னைத் தடுத்தது அதைவிடச் சில்லறையான காரணத்தால். பெயர்கள்! ரஸ்கோல்னிகோவ் என்றொருவன் வருகிறான், அவனே ரோதியன் ரொமானவிச், அவனே ரோத்யா. அவன் தங்கை துன்யா. அவளே அவ்தோத்யா ரொமானவ்னா. சோன்யாவும் ஸோஃபியா செம்யோனவ்னாவும் வெவ்வேறு பெண்கள் என்று நம்பி முப்பது பக்கம் படித்துவிட்டு நூலை மூடிவைத்தவன் நான். இரண்டாம் முறை எடுத்தபோது, பழைய அழைப்பிதழ் ஒன்றின் பின்புறத்தில் யார் யாருக்கு எத்தனை பெயர் என்று எழுதி, அதையே பக்க அடையாளமாக வைத்துக்கொண்டேன். ரஷ்ய நாவலைத் தொடங்கும் எவருக்கும் இதைத்தான் பரிந்துரைக்கிறேன்.

இன்னொரு குழப்பமும் இருந்தது. நாவல் ஆறு பாகங்களும் ஒரு முடிவுரையும் கொண்டது. ரஸ்கோல்னிகோவ் செய்யும் கொலையோ முதல் பாகத்திலேயே நடந்து முடிந்துவிடுகிறது. மீதி ஐந்து பாகங்களில் காவல்துறை துரத்தும், அவன் ஓடுவான், அவ்வளவுதானே என்று எண்ணினேன். இரண்டாம் பாகத்தில் அவன் தானாகவே கொலை நடந்த அந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறான். உள்ளே ஆட்கள் சுவருக்குப் புதுக் காகிதம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவன் வாசல் மணியின் கயிற்றை இழுக்கிறான். அன்று கேட்ட அதே தகர ஒலி. மறுபடி இழுக்கிறான். மறுபடியும். யாரும் துரத்தாத நேரத்தில், அந்த ஒலி தன்னை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காகவே ஒருவன் மணியடிக்கிறான் என்று படித்தபோது, இந்த நாவலில் துரத்துபவர் யார் என்பது எனக்குப் புரிந்தது. எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பு, இவ்வளவு பெயர்களுக்கு நடுவிலும் தடுக்காமல் ஓடுகிறது.

* * *

என்னுடையது சுருக்கமான கதை, கொஞ்சம் வெட்கக்கேடும்கூட. சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' நாவலை, அது நாவல் என்று தெரியாமலே படித்தேன். ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளர் 1960 ஜனவரி 5ஆம் தேதி, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இறந்ததற்கு மறுநாள் இறந்தார் என்று முதல் வாக்கியமே சொல்கிறது. காம்யு ஜனவரி 4ஆம் தேதி கார் விபத்தில் இறந்தது உண்மை. பாதி உண்மையாக இருக்கும்போது மீதியை யார் சந்தேகிப்பார்கள்? நூலகரிடம் போய் ஜே.ஜே.யின் நூல்கள் தமிழில் கிடைக்குமா என்று கேட்டேன். அவரும் அக்கறையோடு இரண்டு நாள் தேடினார். உண்மை தெரிந்தபோது முதலில் வந்தது கோபம்தான். அந்தக் கோபத்தோடு மறுபடி படித்தபோதுதான், இல்லாத ஓர் எழுத்தாளரைக் காட்டி, இருக்கும் எழுத்துலகம் முழுவதையும் ஆசிரியர் கிண்டலடித்திருக்கிறார் என்பது உறைத்தது. 1981இல் வந்த நூல். கிண்டல் இன்னும் பழசாகவில்லை.

* * *

எல்லோரும் எண்ணம் உயர்ந்த கதையையே சொல்கிறீர்கள். என்னுடையது இறங்கிய கதை, பிறகு அரைவாசி ஏறிய கதை. கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பன்னிரண்டு வயதில், வார இதழிலிருந்து கிழித்து பைண்டு செய்த தொகுப்பில் படித்தேன். நடுவில் சில வாரங்கள் காணாமற்போயிருந்தன. வந்தியத்தேவன் ஓர் இடத்தில் குதிரையேறி, அடுத்த பக்கத்தில் இலங்கையில் நின்றான். அந்த ஓட்டைகளை நானே கதை கட்டி அடைத்தேன். நான் கட்டியவை சில இடங்களில் மூலத்தைவிட நன்றாக இருந்தன என்று இன்றும் நம்புகிறேன்.

நாற்பது வயதில் ஐந்து பாகங்களையும் ஒருசேர வாங்கிப் படித்தபோது அலுப்புத் தட்டியது. அத்தியாயம் தவறாமல் ஏதோவொரு கதவு திறக்கிறது, ஒரு முகம் தெரிகிறது, அத்தோடு முடிகிறது. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் காத்திருந்த வாசகர்களுக்கு அது தேவையாக இருந்தது. ஒரே மூச்சில் படிப்பவருக்கு அது வேகத்தடைகள் நிறைந்த சாலையாகிவிடுகிறது. இவ்வளவையும் சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

ஆனால் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற இடத்துக்கு வந்தபோது நிதானித்தேன். சிறுவயதில் அது எனக்குப் பெரிய ஏமாற்றம். அவ்வளவு பெரிய கதையில் கொலையாளியை உறுதியாகச் சொல்லாமல் விடுவது ஏதோ மறதி என்றே நினைத்திருந்தேன். அதன் பிறகு என்ன ஆயிற்று, இதன் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்ட வாசகர்களுக்காகக் கல்கி ஒரு முடிவுரையே எழுத வேண்டியிருந்தது. எல்லாக் கதவுகளையும் வாரம் ஒன்றாகத் திறந்துகாட்டியவர், அந்த ஓர் அறையை மட்டும் இருட்டாகவே விட்டுவிட்டார். அந்த ஓர் அத்தியாயத்துக்காக மற்றவற்றை மன்னித்துவிட்டேன்.

* * *

நாஜிகளுக்கு அஞ்சிக் குடும்பத்தோடு ஒளிந்து வாழ்ந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் 'பாவம், சின்னப் பெண்' என்ற இரக்கத்தோடு படித்து முடித்து, அந்த இரக்கத்திலேயே பல ஆண்டுகள் இருந்தேன். பதின்மூன்றாம் பிறந்தநாளில், 1942 ஜூன் 12ஆம் தேதி தொடங்கிய குறிப்பு, கிட்டி என்ற கற்பனைத் தோழிக்கு எழுதிய கடிதங்கள். அதில் கருத்துச் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இரண்டாம் வாசிப்பில் 1944 மார்ச் 29ஆம் தேதிக் குறிப்பில் நின்றுவிட்டேன். போர் முடிந்ததும் மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் திரட்டப்படும் என்று நாடுகடந்த டச்சு அரசின் அமைச்சர் ஒருவர் வானொலியில் பேசியதைக் கேட்டுவிட்டு, தம் மறைவிடத்தைப் பற்றி ஒரு நூல் வந்தால் எப்படியிருக்கும் என்று அவள் யோசிக்கிறாள். பிறகு, மே மாதத்திலிருந்து, எழுதியதையெல்லாம் எடுத்துத் திருத்தி, சிலவற்றை நீக்கி, சிலவற்றைச் சேர்த்து, தனித்தாள்களில் மறுபடி எழுதத் தொடங்குகிறாள்.

அதாவது நான் 'வெள்ளந்தி' என்று மெச்சிய பல வாக்கியங்கள், பதினைந்து வயது எழுத்தாளர் ஒருவர் அடித்துத் திருத்திச் சீர்செய்த வாக்கியங்கள். என் இரக்கம் அவளைச் சற்றே அவமதித்துவிட்டது என்று தோன்றியது. ஆகஸ்ட் 1ஆம் தேதிக் குறிப்போடு நூல் நிற்கிறது. 4ஆம் தேதி அவர்களைப் பிடித்துவிட்டார்கள். திருத்தும் வேலை முடிந்திருக்கவில்லை.

* * *

இவ்வளவு கனமான நூல்களுக்கு நடுவே ஒரு வேட்டைக் கதையைக் கொண்டுவரத் தயக்கமாக இருக்கிறது. ஜிம் கார்பெட் எழுதிய குமாவூன் ஆட்கொல்லிப் புலிகளின் நூலை (ஆங்கிலத்தில் 1944இல் வந்தது) பரிசாகக் கொடுத்தவர் மீதே எனக்கு வருத்தம். புலியைச் சுட்டுவிட்டு அதைப் பெருமையாக எழுதுபவரிடம் எனக்கு என்ன வேலை? சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றது என்ற கணக்கைப் படித்தபோதும் அது வெறும் எண்ணாகத்தான் இருந்தது. சுட்டு வீழ்த்திய பிறகு கார்பெட் அதன் வாயைத் திறந்து பார்க்கிறார். வலப்பக்கத்துக் கோரைப் பற்களில் மேலே உள்ளது பாதியாகவும், கீழே உள்ளது எலும்பு வரைக்கும் உடைந்திருக்கின்றன. என்றோ யாரோ சுட்ட குண்டின் வேலை. வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமற்போனதால்தான் அது மனிதர்களிடம் வந்தது. நானூற்றுச் சொச்சம் சாவுக்குக் காரணம் தேடிப் புலியின் வாய்க்குள் பார்த்து, அங்கே ஒரு மனிதனைக் கண்டுபிடித்த அந்த ஒரு பத்தி போதும், மற்ற வேட்டைகளையும் பொறுமையாகப் படிக்க.

* * *

எனக்கு இன்னும் மாறவில்லை என்று எழுதினால் ஏற்றுக்கொள்வீர்களா? அதீன் பந்தோபாத்யாயவின் 'நீலகண்டப் பறவையைத் தேடி' மூன்று முறை என் கையைவிட்டு நழுவியிருக்கிறது. சு. கிருஷ்ணமூர்த்தியின் தமிழில் குறையேதும் இல்லை. குறை என் பொறுமையில்தான். ஆற்று மணலில் தர்ப்பூசணி வயலைக் காத்துக்கொண்டிருக்கும் ஈசமிடம், தாகூர் குடும்பத்தார் வீட்டில் குழந்தை பிறந்த செய்தி வந்து சேர்வது வரை ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியாகவே போகிறேன். பிறகு ஆட்கள் பெருகுகிறார்கள், நாணலும் தண்ணீரும் பெருகுகின்றன, யார் எந்த வீட்டினர் என்பது கலங்கிவிடுகிறது. தேசப் பிரிவினையை நோக்கி நகரும் நாவல் என்று தெரியும். ஆனால் அந்த நகர்வை உணரும் முன்பே நான் ஒதுங்கிவிடுகிறேன்.

ஆயினும் நூலை யாருக்கும் கொடுத்துவிட மனம் வரவில்லை. புத்தி பேதலித்த பெரியவர் மணீந்திரநாத், என்ன கேட்டாலும் பொருளற்ற ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, யார் கண்ணுக்கும் தெரியாத பறவைகளை நோக்கிக் கைதட்டியபடி நடக்கிறார். படித்தது முழுவதும் மறந்த பிறகும் அந்தச் சொல்லின் ஓசை மட்டும் காதில் நிற்கிறது. ரஷ்யப் பெயர்களுக்கு நண்பர் சொன்ன யோசனையைப் பார்த்ததும் எனக்கும் ஓர் அட்டை கிடைத்தது. மேலே 'தாகூர் வீட்டார்' என்று தலைப்பிட்டு, கீழே நான்கு பெயர்கள் எழுதியிருக்கிறேன். இன்றிரவு மறுபடி மணற்படுகையிலிருந்து தொடங்குகிறேன்.