பென் டிரைவைத் தடுத்த பின்னர் நடந்தவை

உறுப்பினர் 1, நல்லூர்

யாழ்ப்பாண நகரில் பத்துப் பேர் வேலை செய்த ஒரு கணக்குப் பணிமனையில் இருந்தேன். கடைகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் சம்பளப் பட்டியல் தயாரித்து, ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் செலுத்தும் 8 சதவீதத்தையும் முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தையும் கணக்கிட்டுக் கொடுப்பது எங்கள் வேலை என்பதால், ஏராளமானோரின் அடையாள அட்டை இலக்கங்களும் வங்கிக் கணக்கு இலக்கங்களும் எங்கள் கணினிகளில் இருந்தன. ஒரு பென் டிரைவில் வைரஸ் வந்ததைக் கண்ட முகாமையாளர், எல்லாக் கணினிகளிலும் பென் டிரைவ் பயன்பாட்டை முடக்கினார். கடவுச்சொல்லையும் மாதந்தோறும் மாற்றச் சொன்னார்.

2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது இந்த ஏற்பாட்டின் சாயம் வெளுத்தது. மின்சாரம் வரும் நேரம் பார்த்து வீட்டிலிருந்து வேலையை முடிக்க வேண்டியிருந்தது. கோப்பை எடுத்துச் செல்லவோ வழியில்லை. ஆகவே, நான் உட்பட எல்லோரும் சம்பளப் பட்டியல்களை வட்ஸ்அப்பில் எங்கள் சொந்தக் கைபேசிகளுக்கு அனுப்பிக்கொண்டோம். பென் டிரைவ் தொலைந்தால் தொலைந்தது என்றாவது தெரியும். அந்தப் பட்டியல்கள் இன்றும் எத்தனை கைபேசிகளில் கிடக்கின்றன என்பது எவருக்கும் தெரியாது. மாதந்தோறும் மாறிய கடவுச்சொற்கள் சுவர்க் கலண்டரின் பின்புறத்தில் வரிசையாக எழுதப்பட்டிருந்தன.

பின்னர் கோப்புகள் இணையச் சேமிப்புக்கு மாறின. கைபேசிச் செயலி 30 விநாடிக்கு ஒருமுறை மாற்றித் தரும் ஆறு இலக்கக் குறியீட்டையும் கொடுத்தே உள்நுழைய வேண்டும். சிக்னல் இல்லாத இடத்திலும் செயலி அதைத் தரும். அவரவர் பார்க்கும் வாடிக்கையாளரின் கோப்பு மட்டுமே அவரவருக்குத் திறக்கும். மாதாந்தக் கடவுச்சொல் மாற்றமும் நின்றது; காரணமின்றி அவ்வாறு மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 2017 இலேயே கூறியிருந்ததை நாங்கள் பிந்தித்தான் அறிந்தோம்.

எதிர்பாராத தொல்லை பாமினி எழுத்துருவால் வந்தது. பாமினியில் தட்டச்சிட்ட பெயர் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் கணினிக்குள் ஆங்கில எழுத்துகளாகவே இருப்பதால், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிக்கோட்டில் தேடினால் அகப்படாது. பழைய கோப்புகளை யூனிக்கோட்டுக்கு மாற்ற இரண்டு மாதம் பிடித்தது. என்னைக் கேட்டால், எங்கள் வேலையை உண்மையில் விரைவாக்கியது அதுதான்.

உறுப்பினர் 2, சுன்னாகம்

அண்ணா, எங்கள் பொதியிடும் நிலையத்தில் வரவைப் பதியக் கைரேகை இயந்திரம் வைத்தார்கள். பல ஆண்டுகள் உரலும் சுளகுமாக உழைத்து ரேகை தேய்ந்த மூத்த அம்மாமாரை அது அடையாளம் காணவில்லை. காலையில் வரிசை வாசல் வரை நீண்டது. வேளைக்கே வந்தவர்களின் பெயருக்கு நேரே பிந்திய நேரம் பதிவானதால் மனத்தாங்கலும் வந்தது. இப்போது அட்டை முறை. மேற்பார்வையாளரான நான் பக்கத்தில் நிற்கிறேன்.

உறுப்பினர் 1, நல்லூர்

தங்கச்சி, 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைரேகை போன்ற உடலியல் தரவுகளைக் கூடுதல் பாதுகாப்பு வேண்டிய சிறப்பு வகையில் சேர்த்திருக்கிறது. இயந்திரத்தில் பதிந்த ரேகைகளை அழித்துவிட்டார்களா?

உறுப்பினர் 2, சுன்னாகம்

இயந்திரம் களஞ்சிய அறையில் சாக்குகளுக்கு மேல் கிடக்கிறது, அண்ணா. அழித்தார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.