டி.ஆர்.ஐ.: 22 பாட்டு ஏழு இன்ச் தட்டிலிருந்து 'த்ராஷ் ஸோன்' வரை – கேட்டவர்கள், வாசித்தவர்கள் அனுபவப் பகிர்வு

பக்கம்_பி

டி.ஆர்.ஐ. (டர்ட்டி ராட்டன் இம்பெசைல்ஸ்) என்ற அமெரிக்க பங்க் பேண்டின் பக்கம் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் 1987-இல் வந்த 'கிராஸ்ஓவர்' ஆல்பத்தில்தான் தொடங்குகிறார்கள். பங்கும் மெட்டலும் கலந்த பாணிக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டதால் அப்படி. ஆனால் 1982-இல் பதிவான முதல் தட்டைக் கேட்காமல் 1987-க்குப் போனால் என்ன மாறியது என்றே பிடிபடாது. இன்னொரு த்ராஷ் (வேக மெட்டல்) பேண்ட், அவ்வளவுதான் தோன்றும்.

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டனில் 1982-இல் ஆரம்பித்தவர்கள். பாட்டு கர்ட் பிரெக்ட், ட்ரம்ஸ் அவருடைய சகோதரர் எரிக், கிட்டார் ஸ்பைக் கேசிடி, பேஸ் டென்னிஸ் ஜான்சன். வீட்டில் போட்ட சத்தம் தாங்காமல் பிரெக்ட் சகோதரர்களின் அப்பா திட்டிய வசவுதான் பேண்டின் பெயர். முதல் வெளியீடான 'டர்ட்டி ராட்டன் ஈ.பி.' என்ற ஏழு இன்ச் குறுந்தட்டில் 22 பாட்டு, எல்லாம் சேர்த்துச் சுமார் 18 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு பாட்டுக்கு 50 விநாடிகூட வராது.

1983-இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். வேனில்தான் படுக்கை, இலவச உணவுக்கூடங்களில் சாப்பாடு. 'சூப் கிச்சன்' என்றே பின்னால் ஒரு பாட்டு இருக்கிறது. ஹூஸ்டனிலேயே இருந்திருந்தால் இவர்கள் மெட்டல் பக்கம் திரும்பியிருக்க மாட்டார்கள் என்பது என் கணிப்பு. சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிய பே ஏரியாவில் அப்போது எக்ஸோடஸ் மாதிரி த்ராஷ் பேண்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. பெர்க்லியில் ரூத்தீஸ் இன் என்ற இடத்தில் பங்கும் த்ராஷும் ஒரே மேடையைப் பகிர்ந்துகொண்டன.

ஏழு_இன்ச்

அந்த முதல் தட்டு பற்றி ஒரு தொழில்நுட்பச் செய்தி. நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் ஓடும் ஏழு இன்ச் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடத்துக்குள் நிறுத்தினால் சத்தம் நன்றாக ஏறும். இவர்கள் ஒன்பது நிமிடம் போல அடைத்திருக்கிறார்கள். நிமிடம் கூடக்கூடத் தட்டில் ஒலி பதிந்த கோடுகள் நெருங்கும். நெருங்கினால் ஊசி பக்கவாட்டில் அசைய இடம் இருக்காது, அதனால் வெட்டும்போதே சத்தத்தையும் பேஸையும் குறைத்தாக வேண்டும். தட்டின் நடுவை நெருங்கும் பாட்டுகளில் ஹை-ஹாட்டும் (ட்ரம்ஸில் பெடலால் மூடித் திறக்கும் ஜோடித் தாளம்) 'ஸ' ஒலிகளும் கரகரப்பதற்குக் காரணம் வேறு: நடுவை நெருங்க நெருங்க ஊசிக்கு அடியில் கோடு நகரும் வேகம் குறைகிறது, தட்டின் பழுது இல்லை.

பிறகு அதே பாட்டுகளை 12 இன்ச் பெரிய தட்டில் 'டர்ட்டி ராட்டன் எல்.பி.' என்று போட்டார்கள். கேட்பதற்கு என்றால் அந்த எல்.பி. அல்லது அதன் மறுபதிப்பு போதும். ஏழு இன்ச், சேகரிக்கிறவர்கள் சமாச்சாரம்.

கிக்_ஸ்னேர்

எல்லாரும் சொல்வது "மெட்டலுக்குப் போனதும் வேகம் கூடியது" என்று. தலைகீழ். வேகம் உச்சத்தில் இருந்தது முதல் பதிவில்தான். அப்புறம் சராசரி வேகம் இறங்கிக்கொண்டே வந்தது.

முதல் பதிவில் எரிக் பிரெக்ட் வாசிப்பது ஏறக்குறைய முழுக்க ஒரே தாளம்: கிக் (காலால் அடிக்கும் பெரிய ட்ரம்), ஸ்னேர் (கையால் அடிக்கும் சிறிய ட்ரம்), கிக், ஸ்னேர் என்று மாறிமாறி, வலது கை கிக்கோடு சேர்ந்து. பாட்டு முடியும் வரை அதுவே ஓடும். 1984-இல் வந்த 'வயலன்ட் பேசிஃபிகேஷன்' ஈ.பி.யிலிருந்து ட்ரம்ஸ் ஃபெலிக்ஸ் கிரிஃபின். 1989-இன் 'த்ராஷ் ஸோன்' ஆல்பம் வரை அவர்தான். அவர் வந்த பிறகு வேகமான பகுதியும் பாதி வேகப் பகுதியும் ஒரே பாட்டுக்குள் அடுத்தடுத்து வர ஆரம்பித்தன. மேடைக்கு முன்னால் கூட்டம் வட்டமடித்து ஆடுவது அந்தப் பாதி வேகத்தில்தான்.

வாசித்துப் பார்க்கிறவர்கள் வழுக்குவதும் அங்கேதான். பாதி வேகத்திலிருந்து மீண்டும் வேகத்துக்குத் திரும்பும்போது ட்ரம்மர் பழைய வேகத்தைத் தாண்டிப் போய்விடுவார். காரணம் எளிது: மெதுவான பகுதியில் உள்கணக்கையும் சேர்த்து மெதுவாக்கிவிடுகிறோம், திரும்பும்போது குத்துமதிப்பாகத்தான் பிடிக்கிறோம். இடது காலால் ஹை-ஹாட் பெடலில் எட்டுக் கணக்கை இரண்டு பகுதிகளிலும் ஒரே மாதிரி மிதித்துக்கொண்டே இருங்கள். கை பாதி வேகத்துக்கு இறங்கினாலும் கால் இறங்கக் கூடாது. முதலில் மெட்ரோனோம் 140-இல், நாலு பார் வேகம், நாலு பார் பாதி. அது ஆடாமல் நின்றால் ஐந்து ஐந்தாக ஏற்றலாம்.

பாம்மியூட்

கிட்டாரில் மாற்றம் முழுக்க வலது கையில். பழைய பாட்டுகளில் கார்டைத் திறந்தபடி மேலும் கீழுமாக உரசுவது அதிகம். 'டீலிங் வித் இட்' ஆல்பத்தில் (1985) கம்பியை உள்ளங்கையால் அமுக்கி அடிப்பது கூடுகிறது. 'கிராஸ்ஓவர்' வந்ததும் கீழ் ஈ கம்பியை அமுக்கி அடித்து, இடையிடையே பவர் கார்டைத் திறந்து விடுவதுதான் ரிஃப்பே (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி). அந்த ஆல்பத்தின் 'ஃபைவ் இயர் பிளான்' பாட்டின் ஆரம்பத்தைப் போட்டுப் பாருங்கள், கர்ட் வாயைத் திறப்பதற்கு முன் கிட்டார் பல சுற்று ஓடிவிடும். 1982-இல் அந்த நேரத்துக்குள் ஒரு பாட்டே முடிந்திருக்கும்.

உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடத்துக்கு மிக அருகில் இருக்க வேண்டும். முன்னால் தள்ளினால் சத்தம் செத்துவிடும், அழுத்தினால் ஸ்ருதி ஏறும். பின்னால் போனால் அமுங்காது. ஆம்ப்பில் கெயினை (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) பத்துக்கு ஆறு போல வைத்தாலே போதும். எட்டு, ஒன்பது என்று வைக்கிறவர்களுக்கு ஒவ்வொரு அடியும் அடுத்ததோடு ஒட்டிக் குழம்பிவிடுகிறது, பிறகு ஆம்ப்பைக் குறை சொல்கிறார்கள். பிக் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பக்கம்_பி

@பாம்மியூட், இதைக் கேட்டே உணர ஒரு வழி: 'ஐ டோன்ட் நீட் சொசைட்டி'யை முதல் பதிவிலும் 'டீலிங் வித் இட்'டிலும் அடுத்தடுத்துப் போட வேண்டும். பாட்டு அதேதான், கிட்டார் மட்டும் வேறு எடை. ஆனால் 'டீலிங் வித் இட்'டிலும் மொத்தம் 25 பாட்டு. 'கிராஸ்ஓவர்' 12-தான்.

தாடி_பங்க்

எனக்கு 'டீலிங் வித் இட்'டோடு போதும். அதுக்கப்புறம் பாட்டு நீளமானதே தவிரச் சொல்ல விஷயம் கூடவில்லை. அந்த ஆல்பத்தையே மெட்டல் இசை வெளியிடும் மெட்டல் பிளேட் நிறுவனத்தின் துணை லேபிளான டெத் ரெக்கார்ட்ஸ்தான் போட்டது. வாங்குகிற கூட்டம் யார் என்று அப்போதே தெரிந்துவிட்டதே?

கிக்_ஸ்னேர்

தல, ஒரு பக்கத்தை மட்டும் பார்க்கிறீர்கள். கடன் இரு வழியிலும் ஓடியது. அதே 1985-இல் ஆந்த்ராக்ஸ் என்ற த்ராஷ் பேண்டின் ஸ்காட் இயனும் சார்லி பெனான்டேவும் எஸ்.ஓ.டி. என்ற இன்னொரு பேண்டில் பங்க் பக்கம் வந்தார்கள். 1996-இல் ஸ்லேயர் என்ற த்ராஷ் பேண்ட், மற்றவர்களின் பங்க் பாட்டுகளை வாசித்த ஆல்பத்தில் டி.ஆர்.ஐ.யின் 'வயலன்ட் பேசிஃபிகேஷன்' வாசித்தது. வியாபாரத்துக்காக மட்டும் திரும்பியிருந்தால் டிஸ்சார்ஜின் 'கிரேவ் நியூ வேர்ல்ட்' (1986) கதிதான் ஆகியிருக்கும். பிரிட்டிஷ் ஹார்ட்கோரின் (வேகமான, முரட்டுப் பங்க்) தலையாய பேண்ட், திடீரென்று கிளாம் மெட்டல் குரலில் கீச்சிட்டதும் ரசிகர்கள் விரட்டியடித்தார்கள். கர்ட் பிரெக்ட் குரலை மாற்றவே இல்லை. பின்னால் கிட்டார் என்ன வாசித்தாலும் முன்னால் அதே கத்தல். என்னைக் கேட்டால் பேண்டைக் காப்பாற்றியது அதுதான்.

ஏழு_இன்ச்

கரோஷன் ஆஃப் கன்ஃபார்மிட்டி என்ற பேண்டை டி.ஆர்.ஐ.யோடு ஒப்பிட நினைக்கிறவர்களுக்கு: அவர்களும் 1982, வட கரோலினா ராலே. 'அனிமாஸிட்டி' (1985) அதே டெத் ரெக்கார்ட்ஸ். ஆனால் 'பிளைண்ட்' (1991) வரும்போது பாடகரே மாறி, இசை பழைய மெட்டல் பேண்டான பிளாக் சபாத் பக்கம் சாய்ந்துவிட்டது. டி.ஆர்.ஐ.யில் கர்டும் ஸ்பைக்கும் மட்டும் நிலை, பேஸ்தான் அடிக்கடி மாறியது: 'கிராஸ்ஓவர்', 'ஃபோர் ஆஃப் எ கைண்ட்' (1988) இரண்டிலும் ஜாஷ் பாப்பே, 'த்ராஷ் ஸோன்' (1989) ஜான் மெனோர். வாங்கும்போது பின் அட்டையில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் எந்தக் காலத்துப் பதிவு என்று தெரிந்துவிடும். 'டெஃபினிஷன்' (1992) ஆல்பத்தில் ட்ரம்ஸ் ராப் ராம்பி. அதில் வேகத்தைத் தேடாதீர்கள்.