கிராபிக்ஸ் கார்டை விஎம்முக்கு (விர்ச்சுவல் மெஷின்) கொடுத்தால் "குரூப் வயபிள் இல்லை" (குரூப் பயன்படுத்தும் நிலையில் இல்லை) என்கிறது

கேள்வி: லினக்ஸ் ஹோஸ்ட், பயாஸில் ஐஓஎம்எம்யு (சாதனங்களைக் குரூப் குரூப்பா தனிமைப்படுத்தும் வசதி) ஆன். கார்டோட பிசிஐ முகவரி 01:00.0, அது விஎஃப்ஐஓவில்தான் (சாதனத்தை விஎம்முக்கு ஒப்படைக்கும் டிரைவர்) இருக்கு. ஆனாலும் விஎம் கிளம்பல. வேறென்ன பார்க்கணும்?

பதில்: 01:00.1 யார்கிட்ட இருக்கு? அது கார்டோட எச்டிஎம்ஐ ஆடியோ, அதே குரூப்பில்தான் வரும். ஹோஸ்டின் சவுண்டு டிரைவர் அதைப் பிடிச்சிருந்தா மொத்த குரூப்பும் கிடைக்காது. இரண்டோட சாதன ஐடியையும் விஎஃப்ஐஓவுக்குக் கொடுத்து, இனிட்ராம்எஃப்எஸ்ஸை (பூட்டின் தொடக்கத்தில் லோடாகும் சிறு ஃபைல் சிஸ்டம்) மறுபடி உருவாக்கி ரீபூட் பண்ணுங்க. அதே குரூப்பில் பிசிஐ பிரிட்ஜ் இருந்தா அதைத் தொட வேண்டாம்.

இன்னொரு பதில்: நெட்வொர்க் கார்டும் அதே குரூப்பில் இருந்தா, சிபியுவோடு நேரடியா இணைஞ்ச ஸ்லாட்டுக்கு மாத்துங்க. ஏசிஎஸ் பேட்ச் (கெர்னலில் செய்யும் ஒரு மாற்றம்) குரூப்பைப் பிரிச்சுக் காட்டும், பாதுகாப்பு மட்டும் குறையும். கடைசி வழியா வைங்க.

கேட்டவர்: ஆடியோதான்! இப்போ ஓடுது, ஆனா கேம் திக்கித் திக்கி நகருது.

பதில்: சிபியு பின்னிங் (விஎம்மின் ஒவ்வொரு சிபியுவையும் ஹோஸ்டின் குறிப்பிட்ட திரெட்டில் கட்டிவைப்பது) செய்யுங்க. ஒரே கோரின் இரண்டு திரெட்டையும் ஜோடியாவே கொடுங்க, ஹோஸ்டுக்கு ஒரு கோராவது விடுங்க. ஹியூஜ்பேஜும் (வழக்கத்தைவிடப் பெரிய மெமரி துண்டு) வைங்க: விஎம்மின் 16 ஜிபி ராமுக்கு 2 எம்பி ஹியூஜ்பேஜ் 8192 வேணும்.