இலை வண்ண அட்டை: வாங்கிய பிறகும் விவசாயிகள் பாதியில் விடுவது ஏன்?

மடைவாய்:
எங்கள் குழுவில் நெல் போடுகிற எல்லோரிடமும் இலை வண்ண அட்டை (வெளிர்பச்சை முதல் கரும்பச்சை வரை எண் போட்ட பட்டைகள் உள்ள அட்டை; இலை நிறத்தை ஒப்பிட்டு யூரியா தேவையா என்று பார்ப்பது) இருக்கிறது. பயிற்சியும் நடந்தது. ஆனால் முதல் மேலுரம் (பயிர் வளரும்போது போடும் உரம்) முடிந்ததும் அட்டை பரண் ஏறிவிடுகிறது. ஒரே வயலில் இரண்டு பேர் பார்த்தால் இரண்டு எண் வருகிறது என்கிறார்கள். எண் தெரிந்தாலும் எத்தனை கிலோ யூரியா போடுவது என்று குழப்பம். பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கும்போது யூரியா போடாமல் சும்மா இருக்கவும் மனசு வருவதில்லை. எங்கே திருத்தலாம்?

பச்சைத்தாள்:
எண் மாறுவதற்கு முக்கால்வாசிக் காரணம் வெளிச்சம். காலை 8 முதல் 10 மணிக்குள், சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, இலையும் அட்டையும் நம் நிழலில் இருக்கும்படி பார்க்க வேண்டும். அட்டையின் பட்டைகளில் இலை நரம்பு மாதிரி வரிகள் இருக்கும். நேர் வெயில் பட்டால் அவை பளபளத்து, 4 கூட 3 மாதிரித் தெரியும். பருவம் முழுக்க ஒரே ஆள், ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லது.

பார்க்க வேண்டியது முழுதாக விரிந்த இலைகளில் மேலே இருப்பது. குருத்து வேண்டாம், அடி இலையும் வேண்டாம். கிள்ளாமல், இலையின் நடுப்பகுதியைப் பட்டைமேல் வைத்துப் பாருங்கள். நிறம் 3, 4 என்ற இரண்டு பட்டைக்கும் நடுவில் விழுந்தால் 3.5 என்று எழுதலாம். பூச்சி கடித்தது, புள்ளி விழுந்தது இரண்டையும் தள்ளிவிடுங்கள். வரப்போரக் குத்துகளை விட்டு, உள்ளே பரவலாக 10 குத்துகள். 10 இலையில் 6 அல்லது அதற்கு மேல் நிர்ணய எண்ணுக்கு (அந்த ரகத்துக்கு இதற்குக் கீழே போகக் கூடாது என்று வைத்த பட்டை எண்) கீழே இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) தேவை.

நட்ட வயலில் 14ஆம் நாள், நேரடி விதைப்பில் 21ஆம் நாள் தொடங்கி, 7 முதல் 10 நாளுக்கு ஒரு தடவை, பூக்கத் தொடங்கும்வரை. அதற்குப் பிறகு பார்த்துப் பயனில்லை.

களர்மண்:
நிர்ணய எண்ணில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். நட்ட வயலில் பெரும்பாலான உயர் விளைச்சல் ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4. இயல்பாகவே வெளிர்பச்சையாக இருக்கும் மணமுள்ள ரகங்களுக்கும் நெருக்கமான நேரடி விதைப்புக்கும் 3. வெளிர் ரகத்துக்கு 4 வைத்துப் பார்த்தால் அட்டை ஒவ்வொரு வாரமும் ‘போடு’ என்றுதான் சொல்லும். கடைசியில் பயிர் சாயும், குலைநோயும் புகையான் பூச்சியும் வரும், பழி அட்டைமேல் விழும்.

அட்டையும் ஒரே வகை இல்லை. 6 பட்டை உண்டு, 4 பட்டை உண்டு, 8 பட்டையும் உண்டு. ஒன்றின் எண்ணை இன்னொன்றுக்குப் போடக் கூடாது; கூட வந்த குறிப்பைத்தான் பார்க்க வேண்டும். வெயிலில் கிடந்து சாயம் வெளுத்ததைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று: அட்டை தழைச்சத்தை மட்டும் பேசும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்த பயிர் குட்டையாக, தூர் கட்டாமல், கரும்பச்சையாகவே நிற்கும். அட்டை ‘போதும்’ என்று ஏமாற்றும். கந்தகக் குறைவில் இளம் இலை வெளுக்கும், இரும்புக் குறைவில் நரம்பிடை வெளுக்கும். இரண்டுக்கும் யூரியா கொட்டிப் பலனில்லை. நட்ட 2 முதல் 4 வாரத்தில் துருப்புள்ளி தெரிந்தால் முதலில் துத்தநாகத்தைப் பாருங்கள். மணிச்சத்தும் சாம்பல் சத்தும் (பொட்டாஷ்) மண் பரிசோதனைப்படிதான்.

மடைவாய்:
நன்றி. அளவு பற்றி? 10இல் 5 மட்டும் கீழே இருந்தால்?

பச்சைத்தாள்:
5 என்றால் போடாதீர்கள். 4, 5 நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

அளவை எக்டேருக்கு இத்தனை கிலோ தழைச்சத்து என்று சொல்லிக்கொடுப்பதுதான் தப்பு. வயலில் நிற்பவர் கையில் இருப்பது யூரியா மூட்டை. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. ஒரு தடவைக்கு எக்டேருக்கு 23 கிலோ தழைச்சத்து என்றால் ஏக்கருக்கு 20 கிலோ யூரியா. 30 என்றால் 26 கிலோ, 35 என்றால் 31 கிலோ. நல்ல வெயிலும் விளைச்சலும் உள்ள பருவத்துக்கு மேல் அளவு, மழை மூட்டமான பருவத்துக்குக் கீழ் அளவு. ஒவ்வொருவருடைய வயல் பரப்புக்கும் கணக்குப் போட்டு, அட்டையின் பின்பக்கம் அழியாத மையில் எழுதிக் கொடுங்கள். அட்டையை விடாமல் வைத்திருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

போடும் விதமும் முக்கியம். தண்ணீரை வடித்து, சேறு மட்டத்தில் வைத்துத் தூவி, மறுநாள் பாய்ச்சுங்கள். இளம் பயிரில் தண்ணீர் தேங்கி, பாசி படர்ந்து கிடக்கும்போது உச்சி வெயிலில் தூவினால் கணிசமான பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும். அப்புறம் நிறம் ஏறாது, இன்னொரு தடவை போடச் சொல்வார்கள். பனி ஈரத்திலும் மழைக்கு முன்னும் வேண்டாம். போட்ட மூன்றாம் நாளே அட்டையை வைத்துப் பார்ப்பதும் வீண். நிறம் மாற ஒரு வாரமாவது ஆகும்.

களர்மண்:
வாரா வாரம் பார்க்க நேரமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள். தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம் இரண்டில் மட்டும் பார்க்கட்டும். வழக்கமான மேலுர அளவை வைத்துக்கொண்டு, வெளிறியிருந்தால் எக்டேருக்கு 10 கிலோ தழைச்சத்து கூட்டலாம், கரும்பச்சையாக இருந்தால் 10 கிலோ குறைக்கலாம். அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 9 கிலோ யூரியா. துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் தொடர்ந்து செய்வார்கள்.

பக்கத்து வயல் பயத்துக்குப் பேச்சு உதவாது. ஒரே வயலில் நடுவில் வரப்பு எடுத்து, பாதியை வழக்கப்படி, பாதியை அட்டைப்படி விடச் சொல்லுங்கள். வரப்பு இல்லாமல் பிரித்தால் யூரியா கரைந்த தண்ணீர் அந்தப் பக்கம் போய் இரண்டும் ஒன்றாகிவிடும். இரண்டு பாதியையும் தனித்தனியாக அறுத்து, தனித்தனியாக எடை போடுங்கள்.