துணி ஆண்டெனாவில் டியூனிங்: செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நூற்கண்டு:
2.45 கிகாஹெர்ட்ஸ் பேட்ச், அதாவது தட்டையான செவ்வக ஆண்டெனா. நடுவில் 3 மி.மீ. ஃபெல்ட், மேலும் கீழும் செம்பு-நிக்கல் பூசிய பாலியஸ்டர் துணி; மேல் துணி பேட்ச், கீழ்த் துணி கிரவுண்டு. ஃபெல்டின் ஒப்புமை விடுதிறன் (மின்புலத்துக்கு அது காட்டும் பாதிப்பின் அளவு) 1.3 என்று வைத்தால் நீளம் சுமார் 50 மி.மீ. வரும். வெட்டும்போது 1 மி.மீ. பிசகினால் 45 மெகாஹெர்ட்ஸ் போய்விடும். புளூடூத்துக்கு இருக்கும் இடமோ 2400 முதல் 2483.5 வரைதான். கத்தரிக்கோல் இழையை இழுக்கும், உருளைக் கத்தி நல்லது. ஆவி இல்லாமல் இஸ்திரி போட்டு ஒட்டுங்கள். ஃபெல்டில் ஈரம் தங்கினால் அதிர்வெண் இறங்கும். வியர்வையாலும் இதேதான் நடக்கும். டியூனிங், அதாவது அதிர்வெண்ணைத் திரும்பச் சரிசெய்வது, தேவைப்படுவதே அதற்காகத்தான்.

வரிச்சுருள்:
டியூனிங்குக்கான வராக்டரை (கொடுக்கும் வோல்ட்டுக்கு ஏற்ப மின்தேக்குத்திறன் மாறும் டயோடு) நேரே பேட்ச் ஓரத்துக்கும் கிரவுண்டுக்கும் இடையில் போடாதீர்கள். 0 வோல்ட்டில் 5 பிகோஃபாரட், 15 வோல்ட்டில் 0.8 என்று மாறும் டயோடு, இந்த அளவு பேட்ச்சின் அதிர்வெண்ணை ஒரேயடியாகக் கீழே இழுத்துவிடும். தொடராக 1 பிகோஃபாரட் மின்தேக்கி வையுங்கள். கணக்குப்படி மாற்றம் 0.4 பிகோஃபாரட்டுக்குள் அடங்கி, ஏறத்தாழ 80 மெகாஹெர்ட்ஸ் நகர்வு கிடைக்கும். சேரும் மின்தேக்குத்திறன் அதிர்வெண்ணை இறக்குவதால், பேட்ச்சின் நீளத்தை 3 மி.மீ. குறைத்து வெட்ட வேண்டியிருக்கும்.

நடைமுறையில் நகர்வு இதைவிடக் கூடும், சில சமயம் இரு மடங்கு. ஃபெல்டைத் துளைத்து இறங்கும் மெல்லிய கம்பிக்கே 2 நானோஹென்றி இருக்கும், அது 2.45-இல் 30 ஓம். மின்தேக்கியின் எதிர்ப்பில் அது கழிந்துவிடுவதால் மின்தேக்குத்திறன் பெருத்ததுபோல் தெரியும். கம்பிக்குப் பதில் அகலத் துணிப்பட்டையை ஓரத்தில் மடித்து இறக்கினால் இது குறையும்.

நூற்கண்டு:
பயாஸுக்கு, அதாவது டயோடுக்கு டிசி வோல்ட் கொடுக்கும் பாதைக்கு, 100 நானோஹென்றி சோக் (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் சுருள்) போதுமா?

வரிச்சுருள்:
வேண்டாம் நண்பரே. சிறிய சிப் வகை 100 நானோஹென்றி சோக், தன் ஒத்ததிர்வைத் தாண்டி 2.45-இல் மின்தேக்கியாகத்தான் நடந்துகொள்ளும். எதிர்ச்சார்பில் (வோல்ட்டைத் தலைகீழாகக் கொடுக்கும்போது) டயோடு மின்னோட்டமே இழுக்காது, ஆகவே 100 கிலோஓம் மின்தடை ஒன்று போதும். மின்தேக்கியும் டயோடின் கேத்தோடும் சேரும் புள்ளியில் அதை இணையுங்கள், ஆனோடு கிரவுண்டுக்கு.

தையல்மெஷின்:
பழுதாவது டயோடு அல்ல, இணைப்பு. சாதாரண சால்டரின் சூட்டில் பாலியஸ்டர் சுருங்கிவிடும். 138 டிகிரியில் உருகும் வெள்ளீயம்-பிஸ்மத் சால்டர் ஒட்டும், ஆனால் மடிந்து மடிந்து விரிசல் விடும். டயோடு, மின்தேக்கி, மின்தடை மூன்றையும் 0.4 மி.மீ. தடிமனில் சிறு பிசிபியில் (மின்சுற்று அட்டையில்) வைத்து, அதன் பட்டைகளைத் துணியோடு வெள்ளி எப்பாக்ஸியால் ஒட்டி, சுற்றிலும் சாதாரண நூலால் தையுங்கள். கடத்தும் நூலை மின்னோட்டப் பாதையில் நம்பக் கூடாது, அதன் தடை அதிகம்.

அளக்கும்போது கேபிள் நுனியில் அளவுத்திருத்தம் செய்து, ஆண்டெனாவை முன்கையில் கட்டி, நீளவாக்கிலும் அகலவாக்கிலும் தனித்தனியே வளைத்துப் பாருங்கள். நீளவாக்கில்தான் அதிர்வெண் கூடுதலாக நகரும். சட்டையில் தைக்கும்போது பேட்ச்சின் நீளம் கையைச் சுற்றி வராமல் கையோடு ஓடட்டும்.