மாத்திரை சாப்பிட்டும் ஏறாத ஹீமோகுளோபின்

அம்மாவுக்கு 56 வயது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இரத்தசோகை. ஹீமோகுளோபின் 8.4, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. இரும்புச்சத்துக் குறைவு என்பதில் ஐயமில்லை. மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றுவிடுகிறார். நகங்களின் நடுப்பகுதி கரண்டிபோலக் குழிந்துவிட்டது. பார்க்கவே மனம் பதறுகிறது.

ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீர், கால்சியம் எதனோடும் சேர்க்காமல் வெறும் வயிற்றில் கொடுத்தோம். சற்றே ஏறும், மீண்டும் இறங்கிவிடும். மாதவிடாய் நின்றுவிட்டது. எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி இரண்டிலும் இரத்தக்கசிவு இல்லை. பி12, சிறுநீரகம் சரி. நெஞ்செரிச்சலுக்கு நெடுநாளாக ஒமிப்ரசோல் எடுக்கிறார்; வயிற்று அமிலம் குறைந்தால் இரும்பு உறிஞ்சப்படுவதும் குறையும் என்பதால் என் சந்தேகம் அதன்மீதுதான். ஆனால் அதை நாங்களாக நிறுத்தவில்லை.

இரும்பை ஊசி வழியாக ஏற்றுவதற்கு முன், ஹெலிகோபாக்டர் பைலோரி (இரைப்பையில் தொற்றும் பாக்டீரியா), சீலியாக் (கோதுமையிலுள்ள குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) பரிசோதனைகளை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்வது நல்லதா?